கப்பல் இப்ப எங்கன நிக்குது

தென்காசியில் லாரி என்று பேச்செடுத்தால் என் பேரைச் சொல்லாமல் தாண்ட முடியாது. பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமை என்றே வைத்துக்கொண்டாலும் அதற்கு எனக்கு உரிமை உண்டு. மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். பட்டாளத்துக்காரர்கள் கழித்துப் போட்டு, இரண்டு கை மாறி வந்த ஓட்டை லாரி ஒன்றை, பிரேக் இருக்கிறதா என்று ஓட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டவன். இன்றைக்குப் பாவூர்சத்திரம் சந்தையில் காய் ஏற்றி மலையாளத்துக்குப் போகிற லாரிகளில் என் லாரி இல்லாத நாள் கிடையாது. எட்டு அறை வைத்து வீடு கட்டியிருக்கிறேன். படித்தவர்கள் வந்து என் முன்னால் நின்றுகொண்டு பேசுகிறார்கள்.

இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நான் வாய் நீளமான ஆள். பிறந்ததிலிருந்தே அப்படித்தான். அந்த வாய் செய்த காரியம் ஒன்றைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அய்யா கப்பலில் கரி அள்ளிப் போடுகிறவர். தென்காசிக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். ஒரு சம்பந்தமும் இல்லை. பஞ்சம் பிழைக்கத் தூத்துக்குடி போய், அங்கிருந்து கொழும்புத் துறைமுகத்தில் மூட்டை சுமந்து, மூட்டையோடு மூட்டையாகக் கப்பலுக்குள் ஏறியவர். வருஷத்துக்கு ஒரு முறை வருவார். வந்தால் பத்து நாளைக்கு எங்கள் வீட்டுத் தலையணையெல்லாம் கறுத்துப்போகும். எத்தனை சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும் அந்தக் கரி அவர் தலைமயிரை விட்டுப் போகாது.

எனக்கு ஒன்பது வயதான வருஷம் மாசியில் வந்தார். யுத்தம் உச்சத்தில் இருந்தது. ரங்கூன் விழுந்து, பர்மா அரிசி நின்றுபோய், கடைகளில் புழு நெளிகிற அரிசிக்கு வரிசையில் நின்றோம். கப்பலை ஏதோ பழுது பார்க்கக் கொழும்பில் நிறுத்தியிருந்ததால் அய்யாவுக்கு எட்டு நாள் லீவு கிடைத்தது. அந்த எட்டு நாளும் நான் அவர் மடியை விட்டு இறங்கவில்லை. கப்பலின் சரித்திரம் முழுவதையும் கேட்டுக்கொண்டேன்.

இரும்புக் கப்பல். சீமையில் யாரோ ஒரு வெள்ளைக்காரன், போன யுத்தம் முடிந்த கையோடு கட்டியது. ஒற்றைப் புகைக்கூண்டு. முன்னால் மூன்று சரக்குக் கிடங்கு, பின்னால் இரண்டு. முதலில் ஏதோ குளிர்தேசத்தில் மரம் ஏற்றிக்கொண்டிருந்ததாம். அங்கே வயதாகிப் போனதும் இந்தப் பக்கம் விற்றுவிட்டார்கள். வந்த பிறகு ரங்கூனிலிருந்து அரிசி, கொழும்பிலிருந்து தேயிலை, தூத்துக்குடியிலிருந்து பஞ்சுப் பொதி. ஒருமுறை ஒரு ஜமீந்தாருக்கு இரண்டு யானைக்குட்டிகள்கூட ஏற்றிப் போனதாம். யானை வாந்தி எடுக்குமா என்று கேட்டேன். “எடுத்துச்சே! அள்ளிப் போட்டவன் நாந்தானலே” என்றார் அய்யா.

யுத்தம் வந்ததும் கப்பலுக்குச் சாம்பல் நிறம் அடித்துவிட்டார்கள். பக்கவாட்டில் எழுதியிருந்த பேரின் மேலும் அடித்துவிட்டார்கள். ஜன்னல் கண்ணாடிக்கெல்லாம் கறுப்பு மை. பின்பக்கம் ஒரு பீரங்கி. அது ஒரு பக்கம்தான் திரும்பும், மறுபக்கம் திரும்பினால் துருவில் மாட்டிக்கொள்ளும். இப்போது அரிசி இல்லை, தேயிலை இல்லை. பட்டாளத்துக்கு வேண்டிய சாமான். அடுத்த நடையில் லாரிகள் போகின்றன. கிடங்குக்குள் லாரிகளைச் சங்கிலி போட்டு வரிசையாகக் கட்டி வைக்கப்போவதை அய்யா சொல்லக் கேட்டு எனக்குத் தூக்கமே வரவில்லை. லாரிப் பைத்தியம் எனக்கு அன்றைக்குப் பிடித்தது.

பங்குனி பிறந்த அன்று தென்காசி ரயிலடிக்கு அவரை வழியனுப்பப் போனேன். டிக்கெட் கொடுக்கிற ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு படம் ஒட்டியிருந்தது. ஒரு கப்பல் பாதி முழுகிக்கொண்டிருக்கிறது. ஒரு ஆள் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு நம்மைப் பார்க்கிறான். கப்பலைப் பற்றி யாரிடமும் பேசாதே, எதிரியின் ஆள் கேட்டுக்கொண்டிருப்பான் என்று தமிழில் கீழே எழுதியிருந்தது. அய்யாவுக்கு எழுத்துத் தெரியாது. நான்தான் எழுத்துக் கூட்டி வாசித்துக் காட்டினேன். அவர் முகம் மாறியது. எட்டு நாளாக மகனிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டோமே என்று அப்போதுதான் உறைத்ததோ என்னவோ, என்னை இழுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தார். என் வலது கையை எடுத்துத் தன் உச்சந்தலையில் வைத்துக்கொண்டார்.

“கப்பலு பேரு, போற தொறை, ஏத்துற சரக்கு, இதுல ஒண்ணையும் ஒரு பயகிட்டயும் மூச்சு விடப்பிடாது. சத்தியம் பண்ணுலே.”

“சத்தியமாச் சொல்ல மாட்டேன்யா.”

“சொன்னேன்னா இந்தத் தலை உருண்டுரும், பாத்துக்கோ” என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் யார் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்கிறோமோ, அது பொய்த்தால் அவர் தலைக்குத்தான் கேடு. பள்ளிக்கூடத்தில் சிலேட்டுக் குச்சி திருடியவன்கூட ஆத்தா தலையில் கை வைக்கச் சொன்னால் உண்மையைக் கக்கிவிடுவான். என் உள்ளங்கையில் அந்த முரட்டு மயிரும் கரியும் ஒட்டிக்கொண்டு வந்தன. ரயில் போன பிறகும் கையைக் கழுவாமல் வைத்திருந்தேன்.

நான்கு மாதம் காத்தேன். பெரிய விஷயம் அது. என்னைத் தெரிந்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

ஆனி கடைசியில் சாரல் பிடித்தது. பள்ளிக்கூடப் பையன்கள் ஆறேழு பேர் ஐந்தருவிக்குக் குளிக்கப் போனோம். அங்கே கழுத்தில் படப்பெட்டி தொங்க, கண்ணாடி போட்ட ஒரு மனிதர் பாறை மேல் நின்றுகொண்டிருந்தார். மதராஸ்காரர் போல் பேச்சு. எங்களை அருவிக்கு முன்னால் வரிசையாக நிறுத்திப் படம் எடுக்க வேண்டும் என்றார். நாங்கள் கோவணத்தோடு நின்றோம். படம் எடுக்கிறவர் சும்மா எடுக்காமல் ஒவ்வொருவனாக, உங்கள் அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டார். ஒருவன் தறி நெய்கிறார் என்றான். ஒருவன் வெற்றிலைக் கொடிக்கால் என்றான். எனக்கு முன்னால் நின்றவன் தாசில்தார் ஆபீஸ் சேவகர் மகன். “எங்கய்யா டவாலி போட்டுருக்காக. ராசா முத்திரை” என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னான். அந்த மனிதர், பேஷ், என்று அவனைத் தட்டிக்கொடுத்தார்.

அடுத்தது நான். பக்கத்தில் நிற்கிறவனுக்குப் பேஷ் கிடைத்துவிட்டால் எனக்கு இன்றைக்கும் தாங்காது.

“எங்கய்யா சண்டைக் கப்பல்ல இருக்காக” என்றேன்.

பையன்கள் சிரித்தார்கள். “ஏலே, கரி அள்ளுதாக, சண்டையாம்ல சண்டை!” என்றான் டவாலிக்காரன் மகன். அவ்வளவுதான். எனக்கு வந்த ஆங்காரத்தில் வாய் திறந்தது. கப்பல் பேர், புகைக்கூண்டு, ஐந்து கிடங்கு, அதில் சங்கிலி போட்டுக் கட்டிய லாரிகள், கொழும்பிலிருந்து கல்கத்தா போவது, பின்பக்கத்துப் பீரங்கி எந்தப் பக்கம் திரும்பும், எந்தப் பக்கம் திரும்பாது, எல்லாம். அருவிச் சத்தத்தில் கேட்காமல் போய்விடக் கூடாதே என்று தொண்டை கிழியக் கத்திச் சொன்னேன். அந்த மனிதர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் புஸ்தகத்தை எடுத்து ஏதோ எழுதிக்கொண்டார். பிறகு எனக்கு மட்டும் ஒரு மங்குஸ்தான் பழம் வாங்கிக் கொடுத்தார்.

பழத்தை உடைத்து ஒரு சுளையை வாயில் போடும்போது ரயிலடிச் சுவரில் இருந்த ஆளின் விரல் கண்ணுக்கு முன்னால் வந்தது. துப்பிவிட்டேன். திரும்பிப் பார்த்தால் படப்பெட்டிக்காரர் இல்லை.

புரட்டாசியில் கடிதம் வந்தது. இங்கிலீஷ் கடிதம். போஸ்டாபீஸ் ஐயா வாசித்துச் சொன்னார். கப்பல் சேர வேண்டிய துறைக்குச் சேரவில்லை, அதில் இருந்தவர்கள் இறந்துபோனதாகவே கொள்ள வேண்டியது. கூடவே அச்சடித்த விண்ணப்பப் பாரம் ஒன்று. அதில் அம்மா கைநாட்டு வைத்து அனுப்பினால் உதவித்தொகை வரும்.

அம்மா அங்கேயே, போஸ்டாபீஸ் வாசல்படியில், மண்ணை அள்ளித் தலையில் போட்டுக்கொண்டாள். நான் அழவில்லை. பக்கத்து வீட்டார், பிள்ளைக்கு விவரம் தெரியவில்லை, பாவம், என்றார்கள். எனக்கா விவரம் தெரியவில்லை? அந்தத் தெருவிலேயே விவரம் தெரிந்தவன் நான் ஒருவன்தான். கொன்றவன் நான். மங்குஸ்தான் தின்ற வாய். வலது கையால் எதைத் தொட்டாலும் கரி மயிரைத் தொட்டதுபோல் இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அம்மா என்னை என்ன செய்வாள் என்பதைவிட, அம்மா என்னை எப்படிப் பார்ப்பாள் என்பதுதான் பயம்.

அம்மா மாதக்கணக்கில் இழுத்தடித்தாள். கைநாட்டு வைக்கவில்லை, மறுக்கவும் இல்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் எழுந்து உட்காருவாள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எழுந்திருப்பது நின்றது. சித்திரையில் அய்யாவின் இரண்டு சட்டைகளைத் துவைத்து, காயவைத்து, மடித்து, தெருவில் ஒரு கூலிக்காரருக்குக் கொடுத்தாள். வைகாசியில் ஒரு நாள் அவளாகவே அழுது முடித்துவிட்டு, வந்திருந்த மாமாவிடம் சொன்னாள்:

“அண்ணே, இனி எதுக்கு நாள் கடத்தணும்? அந்த ஆத்துமா தண்ணி கேட்டு நிக்கும். ஆகவேண்டியதப் பாருங்க.”

மாமா என்றால் அம்மாவுக்கு மூத்தவர், ராயகிரியில் நிலம் உழுகிற சம்சாரி. பேச்சு குறைவு. உடம்பு கிடைக்காத ஆளுக்கு ஆடி அமாவாசையன்று குற்றாலத்தில் எள்ளும் தண்ணீரும் இறைத்துக் கருமாதியை முடிக்கலாம் என்று ஐயரிடம் கேட்டுக்கொண்டு வந்தார். அன்று மத்தியானமே தாலி இறக்குவது. தாலி இறக்குகிற அன்று உடன்பிறந்தவன்தான் வெள்ளையில் புதுசாகக் கோடிச்சேலை கொண்டுவந்து போட வேண்டும். அது முறை. “கோடி நான் எடுத்துட்டு வந்திருதேன்” என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். காரியம் முடிந்ததும் பாரத்தில் கைநாட்டு வைத்து அனுப்பிவிட்டு, எங்கள் இருவரையும் ராயகிரிக்குக் கூட்டிப்போவது என்றும், என்னைப் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது என்றும் பேசி முடித்தார்கள். அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அவள் முகத்தில் அன்றைக்கு ஒரு அமைதி இருந்தது. காய்ச்சல் விட்ட ஆள் முகம்போல. அது இப்போது எனக்குத் தெரிகிறது.

அமாவாசையன்று விடியற்காலையில் மாமாவின் மாட்டுவண்டியில் குற்றாலம் போனோம். என்னைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு மாமா வண்டியில் வைத்து ஒரு வார்த்தை சொன்னார்.

“பயப்படாதலே. நீ பேரச் சொல்லிக் கூப்பிட்டா உங்கய்யா தண்ணிக்குள்ள வந்து நின்னு ரெண்டு கையையும் ஏந்தி வாங்கிக்கிடுவாக. ஒன் மூஞ்சிய ஒருக்க நல்லாப் பாத்துட்டுப் போயிருவாக.”

அதற்குப் பிறகு வழியில் நான் என்ன பார்த்தேன், யார் என்ன பேசினார்கள் என்று ஒன்றும் ஞாபகம் இல்லை.

ஆற்றங்கரையில் கால் வைக்க இடமில்லை. பெரிய அருவி இரைச்சலோடு விழுந்துகொண்டிருந்தது. மொட்டைத் தலைகள், ஈர வேட்டிகள், வாழையிலையில் எள்ளும் அரிசியும். ஐயர் என் விரலில் தர்ப்பையை மாட்டி, உள்ளங்கையில் எள்ளை வைத்தார். அதே வலது கை. தண்ணீரை விட்டார். “அப்பா பேரைச் சொல்லு. மூணு தடவை. சொல்லிட்டு தண்ணியில விடு” என்றார்.

தண்ணீரைப் பார்த்தேன். அருவித் தண்ணீர் மண்ணைக் கரைத்துக்கொண்டு கலங்கலாக ஓடியது. அதற்குள்ளிருந்து தலை முதலில் வரும். கரித்தலை. உருண்டு வரும். பிறகு இரண்டு கை. பிறகு கண். என் முகத்தை ஒருமுறை நன்றாகப் பார்க்கும். ஏன்லே சொன்ன, என்று கேட்கும்.

“சொல்லுப்பா” என்றார் ஐயர்.

எள்ளை உதறினேன். எள் இலையிலும் ஐயர் மடியிலும் தெறித்தது.

“மாட்டேன்! எங்கய்யா சாகல! இருக்காக!”

பயத்தில் வந்த பொய் அது. அந்த இடத்திலிருந்து தப்பிக்க வேண்டும். வேறொன்றும் என் மனசில் இல்லை. மாமா என் கையைப் பிடித்தார், கடித்துவிட்டேன். பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு கிழவர், “எள்ளைக் கையில வச்சுக்கிட்டுப் பச்சப்பிள்ளை சொல்லுது. சும்மா வராது அந்த வாக்கு” என்றார். யார் அவர், எந்த ஊர், கடவுளுக்குத்தான் தெரியும்.

அதுவரை ஒதுங்கி ஈரத்துணியோடு நின்றிருந்த அம்மா என் பக்கத்தில் வந்து மண்டியிட்டாள். என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“ஏலே, என் ராசா. ஒனக்கு எப்படித் தெரியும்?”

அப்போது தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. அழுதிருந்தால்கூடப் போதும். ஆனால் என்னிடம் ஒருவர் இப்படிக் கண் அகலக் கேட்டால் வெறுங்கையோடு அனுப்பத் தெரியாத பிறவி நான்.

“தண்ணிக்குள்ள தெரிஞ்சுதும்மா. கப்பலு முழுகல. ஒரு தீவுல ஒதுங்கி நிக்குது. சுத்தித் தென்னமரம். அய்யா கரி அள்ளிக்கிட்டு இருக்காக.”

“எந்தப் பக்கத்துத் தீவுலே?”

“சூரியன் விழுற பக்கம்.”

அம்மா என்னைக் கட்டிக்கொண்டாள். அப்படி ஒரு சத்தம் அவளிடமிருந்து அதற்கு முன்னும் நான் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. மாமா, “தங்கச்சி, பயத்துல உளறுதான்” என்று சொல்லிப் பார்த்தார். அம்மா எழுந்து நின்று ஈரச்சேலைக்குள்ளிருந்து தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “வண்டியப் பூட்டுங்கண்ணே” என்றாள்.

பாரத்தில் அவள் கைநாட்டு விழவே இல்லை. இருக்கிற மனுஷனுக்குச் செத்த காசு வாங்குவதா என்று அதை அடுப்பில் போட்டாள். ராயகிரிக்கும் வர மறுத்தாள். அய்யா திரும்பி வந்தால் இந்த வீட்டுக்குத்தானே வருவார், பூட்டிக் கிடந்தால் எங்கே போவார்? பெரிய பள்ளிக்கூடம் போயிற்று. பெட்ரோல் கிடைக்காத காலம் அது; பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு கொப்பரையைக் கட்டி, அடுப்புக்கரி போட்டு எரித்து ஓட்டுவார்கள். அந்தக் கொப்பரைக்குக் கரி போடுகிற வேலைக்குப் பதினோரு வயதில் போனேன். அய்யா கப்பலுக்குப் போட்டார், நான் பஸ்ஸுக்குப் போட்டேன். அங்கிருந்து கிளீனர், டிரைவர், முதலாளி. நானே என்னை உண்டாக்கிக்கொண்டேன் என்று மேடையில் சொல்வேன், கைதட்டுவார்கள். எதனால் அப்படி உண்டாக்கிக்கொள்ள வேண்டிவந்தது என்று ஒருவரும் கேட்டதில்லை.

வேலை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்ததும் அம்மா கேட்பாள். “கப்பல் இப்ப எங்கன நிக்குதுலே?”

சொல்வேன். முதலில் தீவு. பிறகு கப்பலுக்குப் பச்சை நிறம் அடித்தேன், எதிரிக்குத் தெரியாமல் இருக்க. யுத்தம் முடிந்ததும் தீவிலிருந்து கிளப்பினேன். நேரே வரவிட முடியாதே, அதனால் ஆப்பிரிக்காவுக்குச் சரக்கு கொண்டுபோய் இறக்கச் சொன்னேன். அங்கே இயந்திரம் பழுது. வெள்ளைக்காரன் நாட்டை விட்டுப் போன வருஷம், கப்பல் யாருடையது என்று வழக்கு. மீசை முளைத்த பிறகு எனக்கே வெட்கமாகிவிட்டது. நிறுத்திக்கொண்டேன். நான் விட்ட இடத்திலிருந்து அம்மா ஓட்டினாள். “வழக்கு தீந்திருக்கும், என்ன? இந்த ஐப்பசிக்குக் கிளம்பியிருப்பாக” என்று அவளே சொல்லிக்கொள்வாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பேன்.

என் முதல் லாரி ஓடத் தொடங்கிய மூன்றாம் வருஷம், தூத்துக்குடித் துறைமுகத்துக்குச் சரக்கு ஏற்றிப் போனேன். வாசலில் காவலுக்கு இருந்தவர் ஒரு காது கருகிய மனிதர். பேச்சுவாக்கில், யுத்தத்தில் கப்பலில் சமையல்காரராக இருந்தேன் என்றார். எந்தக் கப்பல் என்று கேட்டேன். சொன்னார். நான் லாரிச் சக்கரத்தில் சாய்ந்துகொண்டேன். அந்தப் பேரை நான் இங்கே எழுத மாட்டேன். சத்தியம் சத்தியம்தான்.

அவர் எங்கள் அய்யாவைத் தெரியும் என்றார். தென்காசிக்காரர், வெடிச் சிரிப்பு, யானை வாந்தியை அள்ளியவர்தானே என்றார். பிறகு மீதிச் சரித்திரத்தையும் சொன்னார். “அன்னைக்கு வைகாசி விசாகம். தமிழ் ஆளுக எட்டுப் பேரு இருந்தோம்லா, கருப்பட்டி போட்டுப் பாயசம் வச்சேன். உங்கய்யா கரண்டிய வழிச்சு நக்கிட்டு, எம் பங்க டம்ளர்ல எடுத்து வையும், மேல வந்து குடிக்கேன்னு சொல்லிட்டுக் கீழ எறங்குனாரு. நிலா ஏறுத நேரம். இடப்பக்கம் டார்பிடோ அடிச்சுது. கிடங்குல சங்கிலி அத்துப் போயி லாரி பூரா ஒரு பக்கமா உருண்டுச்சு. ஒரு வெத்தலை போட்டு மெல்லுத நேரந்தான், தம்பி. கீழ இருந்தவன் ஒருத்தனும் மேல வரல.”

வைகாசி விசாகம். நான் ஐந்தருவியில் வாயைத் திறந்தது ஆனி கடைசி. நான் பேரைச் சொன்னபோது கப்பல் தண்ணீருக்குள் போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. அந்தப் படப்பெட்டிக்காரர் எழுதிக்கொண்டது படம் அனுப்ப எங்கள் தெருப் பேராக இருக்கலாம், படக்கணக்காக இருக்கலாம். நான் கொல்லவில்லை. பதினைந்து வருஷம் சுமந்ததை அந்தத் துறைமுக வாசலில் இறக்கி வைத்தேன். லாரியைப் பார்த்துப் பத்து அடி நடந்திருப்பேன். அதற்குள் அம்மாவின் ஞாபகம் வந்துவிட்டது. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள். “தூத்துக்குடிக்குப் போனியே, ஏதும் கப்பல் வந்திருக்கா?”

“இல்லம்மா” என்றேன்.

அதற்குமேல் அவளுக்கு இருபத்திரண்டு வருஷம் ஆயுள் இருந்தது. எட்டு அறை வீட்டில் ஒரு நாளும் அவள் தங்கவில்லை. ஒழுகுகிற பழைய வீட்டிலேயே, கதவுக்குத் தாழ் போடாமல், இரண்டு ஆள் அரிசி போட்டுப் பொங்கி, மிச்சத்தில் தண்ணீர் ஊற்றி வைத்துக் கிடந்தாள். செத்தபோது மஞ்சள் பூசி, பெரிய பொட்டு வைத்துத் தூக்கினார்கள். சுமங்கலியாகப் போனாள், கொடுத்துவைத்தவள் என்று தெருப் பெண்கள் அவள் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் அது திறக்கவே இல்லை.

ஆனால் எனக்கு அடிக்கடி வருகிற ஞாபகம் அவள் செத்த நாள் இல்லை. குற்றாலத்திலிருந்து வண்டியில் திரும்பி வந்த அந்தக் காலைதான். சாரல் விழுந்துகொண்டிருந்தது. அய்யா பார்க்க வராமல் போய்விட்டார், இனி என்னை யாரும் ஒன்றும் கேட்க முடியாது என்று எனக்கு ஒரே கொண்டாட்டம். அம்மா என்னை மடியில் போட்டுக்கொண்டு, தீவில் அய்யா என்ன சட்டை போட்டிருந்தார், மெலிந்திருந்தாரா என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தேன். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை வரவழைத்தவன் நான் என்று எனக்கு ஒரே பெருமை.

கால் நீட்ட இடமில்லாமல் மாமாவின் பையை நகர்த்தினேன். உள்ளே ஒரு சேலை, கஞ்சி மொடமொடப்புப் போகாத புதுச்சேலை. வெள்ளையாக, பூப்போடாமல் இருந்தாலும் புதுசு புதுசுதானே. அம்மா உடுத்தியிருந்ததோ தோளில் கிழிந்தது. மாமா தன் வீட்டுக்குத்தான் எடுத்துப்போகிறார் போலிருக்கிறது, தங்கச்சிக்குக் கொடுக்க மனசில்லை என்று எனக்கு அவர்மேல் கோபம் வந்தது.

“அம்மா, மாமா பையில புதுச்சேலை இருக்கு. ஒனக்குக் கேளு” என்றேன்.

மாமா திரும்பவில்லை. பையைத் தன் காலடிக்கு இழுத்து, துண்டை அவிழ்த்து அதன்மேல் போட்டு மூடினார். முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்த அவர் தோள் குலுங்கிக்கொண்டே வந்தது. பாதை சரியில்லை, வண்டி அப்படிக் குலுங்குகிறது என்று நினைத்துக்கொண்டேன்.